‘நல்லா இருக்கு’ என்று மட்டும் சொல்லும் கணவர்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம்.

எனக்கு வயது 29. கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கணவருக்கு 34 வயது, சிவில் இன்ஜினியர். எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதவர், சமையலறையில் கூடமாட நிற்பவர், என் பெற்றோரைத் தம் பெற்றோரைப் போலவே நடத்துபவர். ஆகவே, நான் எழுதப்போகும் குறையைப் படித்துவிட்டு ‘இதற்கெல்லாமா ஆலோசனை’ என்று உங்களுக்குத் தோன்றலாம். என் அம்மாவுக்கு அப்படித்தான் தோன்றியது.

பாட்டு கேட்பது எனக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை. சிறுவயதில் அப்பா கச்சேரிகளுக்கு அழைத்துச் சென்றதால் கர்நாடக இசை பழக்கமாயிற்று. பெங்களூரில் விடுதியில் இருந்தபோது ஓர் அறைத்தோழி வழியாக, தர்காக்களில் பாடப்படும் சூஃபி பக்தி இசையான கவ்வாலியும், இன்னொருத்தி வழியாக ஹெவி மெட்டலும் வந்து சேர்ந்தன. கானாவும் கேட்பேன், போர்ச்சுகல் நாட்டு ஃபாடோவும் கேட்பேன். விடுதியில் இரவு நேரங்களில் ஆளுக்கொரு பாட்டு போடுவோம். போட்டவள் அதை ஏன் தேர்ந்தெடுத்தாள் என்று சொல்ல வேண்டும்; கேட்டவர்கள் மனத்தில் பட்டதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதில் சண்டை வந்ததுண்டு, அழுகையும் வந்ததுண்டு. ஆனால் யாரும் யாரையும் பாதியில் விட்டுவிட்டுப் போனதில்லை.

அதே வழக்கத்தை எங்கள் வீட்டிலும் தொடங்கலாம் என்று நினைத்தேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கு ஒரு பாட்டு. கணவரும் ஒப்புக்கொண்டார். அவர் போடுவதெல்லாம் எண்பதுகளின் இளையராஜா பாடல்கள். அவருடைய அப்பா பொள்ளாச்சித் தடத்தில் தனியார் பேருந்து ஓட்டியவர். அந்தப் பேருந்தில் ஓடிய கேசட்டுகள்தாம் இவருக்கு இசை. அவை எனக்கும் தெரிந்த பாடல்களே என்பதால், அவற்றைப் பற்றிப் பேச அதிகம் இருப்பதில்லை.

என் முறை வரும்போதுதான் சிக்கல். நான் உயிராக நினைக்கும் ஒரு கவ்வாலியை, கால் மணி நேரத்துக்கும் மேல் நீளும் ஒன்றைப் போட்டுவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நிமிடத்தில், “இன்னும் பாட்டே ஆரம்பிக்கலையா?” என்றார். மெட்டல் போட்ட அன்று, “சைட்டுல கம்பி அறுக்குற மாதிரி இருக்குதே” என்றார். மற்ற நாட்களில் “நல்லா இருக்கு” என்று ஒரு சொல். அடுத்த நொடி கை கைபேசிக்குப் போய்விடும். அண்மையில் உறவினர்கள் வந்திருந்தபோது, “இவ பாட்டு போட்டா பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பிச்சிரும்” என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிச் சிரித்தார். அன்றோடு நான் பாட்டு போடுவதை நிறுத்திவிட்டேன். நிறுத்தியதை அவர் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.

இசையில் இன்பம் காணவே இயலாத மனிதர்கள் இருக்கிறார்கள் என்று எங்கோ படித்தேன். அவர் அப்படிப்பட்டவரா? என்னை உலுக்குகிற ஒன்று அவரைத் தொடவே இல்லையென்றால், என்னையும் அவர் ஒருநாளும் அறிந்துகொள்ளப் போவதில்லை என்றுதானே பொருள்?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

ஆலோசகர் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் படித்த செய்தி உண்மைதான். பார்சிலோனாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2014-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், மற்ற இன்பங்களையெல்லாம் இயல்பாக உணர்ந்தும், இசையில் மட்டும் எந்த இன்பமும் காணாத ஆரோக்கியமான சிலரை அடையாளம் கண்டார்கள். ஆனால் உங்கள் கணவர் அவர்களில் ஒருவர் அல்லர். அப்பாவின் பேருந்தில் கேட்ட பாடல்களை 34 வயதிலும் தேடித் தேடிப் போடுகிறவருக்கு இசை இன்பம் இல்லை என்று எந்த மனநல நிபுணரும் சொல்ல மாட்டார். நமக்குப் பிடித்தது பிடிக்காதவர்களுக்கு ஒரு நோயின் பெயரைத் தேடுவது, வருத்தத்தில் இருக்கும்போது எளிதாக நேர்வது; அந்தத் தேடலை இங்கேயே விட்டுவிடலாம்.

உங்கள் குறை சிறியது என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்க உளவியலாளர் ஷெல்லி கேபிளும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, ஒருவர் தமக்கு நேர்ந்த நல்லதொன்றைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் எப்படிப் பதிலளிக்கிறார் என்பதைப் பார்த்தது. உற்சாகத்தோடு கேள்வி கேட்டு அந்த மகிழ்ச்சியில் பங்கெடுப்பவர்கள் உண்டு. “நல்லது” என்று மெல்லச் சொல்லிவிட்டு நகர்பவர்கள் உண்டு. குறை கண்டுபிடிப்பவர்கள் உண்டு. காதிலேயே வாங்காதவர்களும் உண்டு. இவற்றில் முதல் வகை மட்டுமே உறவின் நிறைவோடு சேர்ந்து வந்தது. மென்மையாகத் தலையாட்டிவிட்டு நகர்வதும், பார்க்கத் தீங்கில்லாததாகத் தோன்றினாலும், நிறைவு குறைந்த உறவுகளோடுதான் காணப்பட்டது. உங்கள் அம்மாவுக்குக் காட்டக்கூடிய பதில் இதுவே. கைபேசியைப் பார்த்துக்கொண்டே சொல்லப்படும் “நல்லா இருக்கு” புண்படுத்துவதற்குக் காரணம் உங்கள் மனம் மென்மையானது என்பதல்ல.

இந்த இடத்தில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அவை ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. உறவினர்கள் முன்னிலையில் உங்களைக் கேலி செய்தது ரசனை பற்றியதே அல்ல. நீங்கள் சமைத்த குழம்பைப் பற்றியோ உடுத்திய புடவையைப் பற்றியோ அப்படிப் பேசியிருந்தாலும் அது இதே அளவுக்கு வலித்திருக்கும். நம் வீடுகளில் மனைவியைக் கிண்டல் செய்வது கூட்டத்தைச் சிரிக்கவைக்கும் சுலபமான வழியாக இருக்கிறது. செய்பவருக்கு அது அன்பின் வெளிப்பாடாகவே தெரியும். ஆகவே அவர் தாமாக உணர்வார் என்று காத்திருக்காமல், பாட்டுப் பேச்சே இல்லாத ஒரு பகல் பொழுதில், “எல்லார் முன்னாடியும் நீங்க அப்படிச் சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு, அதுக்கப்புறம்தான் பாட்டு போடுறதையே விட்டேன்” என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். விளக்கமும் பழைய கணக்குகளும் வேண்டாம். இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் கேலி தொடர்ந்தால், இருவரும் சேர்ந்து ஓர் ஆலோசகரை நேரில் சந்திப்பது நல்லது. நிறுத்தியதை அவர் கவனிக்கவில்லை என்கிறீர்கள். கவனித்திருக்கலாம், கேட்கத் தயங்கியிருக்கலாம், நிம்மதியாகவும் இருந்திருக்கலாம், கேட்டால்தான் தெரியும்.

இனி அந்தக் கவ்வாலிக்கு வருகிறேன். “இன்னும் பாட்டே ஆரம்பிக்கலையா?” என்ற கேள்வியை நீங்கள் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது நேர்மையான கேள்வியாகவே படுகிறது. உங்கள் கணவரின் காது பல்லவி, இடையிசை, சரணம் என்று நான்கைந்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் திரைப்பாடல் வடிவத்தில் வளர்ந்தது. கவ்வாலியோ ஆர்மோனியத்தில் தொடங்கி, ஆலாபனையாக இழுத்து, ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடி, நடுவே வேறொரு கவிதையின் அடிகளைச் செருகி, கைதட்டலும் தாளமும் மெல்ல வேகமெடுத்து, நெடுநேரம் கழித்தே உச்சத்தை எட்டுவது. தர்காவில் கூடியிருப்பவர்களை மெய்மறந்த நிலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதால் அந்த நிதானம் அதற்குத் தேவைப்படுகிறது. கச்சேரியில் ராக ஆலாபனைக்குக் காத்திருந்து பழகிய உங்களுக்கு அந்தக் காத்திருப்பே சுகம். அவருக்கு எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதே தெரியாது.

இது வெறும் பழக்கம் சார்ந்த விஷயம் என்று சொல்லி ஒதுக்கிவிடவும் முடியாது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2011-இல் நடந்த ஆய்வு, ஒருவருக்குச் சிலிர்ப்பூட்டும் இசையைக் கேட்கும்போது மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமின் என்ற வேதிப்பொருள் சுரப்பதைக் காட்டியது. உச்சமான தருணத்தில் மட்டுமல்லாமல், அது வரப்போகிறது என்று எதிர்பார்க்கும் நொடிகளிலும் மூளையின் வேறொரு பகுதியில் அது சுரந்தது. வரப்போவதை ஊகிக்க முடியாதவருக்கு இன்பத்தின் அந்த முதல் பாதி கிடைப்பதே இல்லை. மெட்டலுக்கும் இது பொருந்தும். இரைச்சல் எது, இனிமை எது என்பதைக்கூடக் காது பெருமளவு பழக்கத்தால்தான் கற்றுக்கொள்கிறது. பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், மேற்கத்திய இசை இனிமையானவை என்றும் உறுத்தலானவை என்றும் பிரிக்கும் சுரக்கூட்டுகள் இரண்டையுமே அவர்கள் ஒரே அளவு இனிமையாக மதிப்பிட்டார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் மெக்கில் ஆய்வாளர்களிடமே பதில் இருக்கிறது. 2001-இல் அவர்கள் வெளியிட்ட முந்தைய ஆய்வில், இசைப்பயிற்சி பெற்றவர்களை அழைத்து, தமக்குத் தவறாமல் மெய்சிலிர்க்கும் இசையை அவரவரே கொண்டுவரச் சொன்னார்கள். ஒருவர் கொண்டுவந்ததை இன்னொருவருக்கு, எந்த உணர்ச்சியும் எழுப்பாத ஒப்பீட்டு இசையாகப் போட்டுக் காட்டினார்கள். இசை தெரிந்தவர்களிடையிலேயே ஒருவரின் சிலிர்ப்பு மற்றவரை அசைக்கவில்லை. ஆகவே உங்களை உலுக்குவது அவரை உலுக்காததை வைத்து, அவர் உங்களை அறியமாட்டார் என்ற முடிவுக்கு வர இடமே இல்லை. அந்தப் பாட்டு உங்களை ஏன் உலுக்குகிறது என்பதை அவர் தெரிந்துகொள்ள விரும்புகிறாரா என்பதுதான் பார்க்க வேண்டியது. விடுதியில் உங்களுக்குக் கிடைத்ததும் அதுவே: ஏன் இந்தப் பாட்டு என்று நீங்கள் சொல்ல, அவர்கள் கேட்டார்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வீட்டில் அந்தப் பகுதி விடுபட்டுப்போய், பாட்டு மட்டும் எஞ்சியிருக்கிறது.

அவர் போடும் பாடல்களுக்கும் இதே நிலைதான். அப்பாவின் பேருந்தைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கோ உங்கள் கடிதத்தில் அந்த வரிதான் மிக முக்கியமானதாகத் தோன்றியது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இருபது வயதை ஒட்டிய இளைஞர்களிடம் பல பத்தாண்டுகளின் பாடல்களைப் போட்டுக் காட்டி 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தம் காலத்துப் பாடல்களோடு, பெற்றோரின் இளமைக்காலத்துப் பாடல்களுக்கும் அந்த இளைஞர்களிடம் தனிப்பட்ட நினைவுகள் கூடுதலாக இருந்தன. உங்கள் கணவர் இரவில் உங்களிடம் போடுவது நீங்கள் முன்பே கேட்ட ஒரு பாட்டு. அவருக்கு அது டிரைவர் சீட்டில் இருந்த அப்பா. எந்தப் பாட்டு வந்தால் அப்பா கூடவே முணுமுணுப்பார், தேய்ந்துபோன கேசட்டை யார் மாற்றுவார்கள், பள்ளி விடுமுறையில் இவர் எந்த இருக்கையில் உட்கார்ந்து போவார் என்றெல்லாம் கேட்டுப் பாருங்கள். தாம் போட்ட பாட்டைப் பற்றி ஒருவர் இவ்வளவு ஆர்வமாகக் கேட்டால் எப்படி இருக்கும் என்பதை அவர் ஒருமுறையாவது அனுபவித்தால், உங்கள் பாட்டுக்கு என்ன பதில் சொல்வது என்பது அவருக்குத் தானாகவே பிடிபடக்கூடும். பிடிபடாவிட்டால் சொல்லிக்கொடுங்கள், அதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

உங்கள் முறை வரும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். பார்த்தால், பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார். “நல்லா இருக்கு” பிறப்பது பெரும்பாலும் அங்கேதான். கால் மணி நேரப் பாட்டை முழுதாகப் போடாமல், கைதட்டல் வேகமெடுக்கும் இடத்துக்குச் சற்று முன்னாலிருந்து போட்டு, “இந்த அடியை மட்டும் எத்தனை விதமா மாத்திப் பாடுறாங்கன்னு கேளுங்க” என்று ஒன்றை மட்டும் சொல்லுங்கள். பிறகு வேறொரு நாள், காரில் போகும்போதோ காய் நறுக்கும்போதோ, கருத்துக் கேட்காமல் அதையே ஓடவிடுங்கள். அறிமுகமில்லாத ஒன்று அடிக்கடி கண்ணிலோ காதிலோ பட்டாலே அதன் மேல் விருப்பம் கூடுகிறது என்று உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968-இல் காட்டியதை உளவியல் மாணவர்கள் எல்லோரும் படித்திருப்பார்கள். அதற்கும் ஓர் எல்லை உண்டு. முதலிலேயே வெறுத்துப்போன ஒன்றைத் திணித்தால் வெறுப்புத்தான் கூடும். “எனக்கு இது புரியலை, உனக்கு இதுல எது பிடிக்குது?” என்று அவர் கேட்டால், அதை நல்ல பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மெட்டலை இந்த ஏற்பாட்டில் நான் சேர்க்க மாட்டேன். உங்களுக்குள் இருக்கும் எல்லா இசையையும் ஒரே மனிதரோடு பகிர்ந்தாக வேண்டும் என்று திருமணத்தில் எந்த விதியும் இல்லை. அதை உங்களுக்கு அறிமுகப்படுத்திய விடுதித் தோழியோடு இன்னும் தொடர்பு இருக்கிறதென்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்து, ஆளுக்கொரு பாட்டு போட்டு, பழையபடி சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்