ஒன்பதாம் நாள் வந்த ஆர்டர்

கேள்வி: என் வீட்டுக்காரர் திருப்பூரில் பன்னிரண்டு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறார். பி.காம் படித்தவர். இரண்டு வருடத்துக்கு முன் வேலையே இல்லாமல் யூனிட் முடங்கிக் கிடந்தபோது, தெரிந்தவர் ஒருவர் ஒரு ஜோதிடரிடம் கூட்டிப் போனார். 18,000 ரூபாய்க்கு ஒரு பரிகாரம் செய்தார்கள். ஒன்பதாம் நாள் பெரிய ஆர்டர் வந்துவிட்டது. அதிலிருந்து வேலை குறையும்போதெல்லாம் பரிகாரம்தான். இதுவரை மூன்றரை லட்சம் போயிருக்கிறது, போன மாதம் என் நகையும் அடகுக்குப் போய்விட்டது. எதிர்த்துப் பேசினால், "அன்னைக்கு வந்துச்சா இல்லையா, அதுக்குப் பதில் சொல்லு" என்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதெல்லாம் காலையில் வாசல்படியை மூன்று முறை தொட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார். இது மனநோயா டாக்டர்?

பதில்: உங்கள் வீட்டுக்காரருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பயப்படாதீர்கள். நல்ல புத்திதான் இப்படி மாட்டிக்கொள்கிறது. ஒன்றைச் செய்தோம், அடுத்து நல்லது நடந்தது என்றால் மனம் உடனே இரண்டையும் முடிச்சுப் போடும். அழுதால் அம்மா தூக்குவாள் என்று கைக்குழந்தை தெரிந்துகொள்வதும் இப்படித்தான். போட்ட முடிச்சு சரியா என்று பார்ப்பது தனி வேலை. அதற்கு நோட்டும் பேனாவும் வேண்டும், பொறுமையும் வேண்டும். அந்த வேலையை மனம் தானாகச் செய்யாது.

1948-ல் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் பசியோடு இருந்த எட்டுப் புறாக்களைத் தனித்தனிக் கூண்டில் விட்டார். புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தரம் தீனித் தட்டு தானாக வந்து போகும். கொஞ்ச நாளில் ஆறு புறாக்கள் ஆளுக்கொரு சடங்கு பிடித்துக்கொண்டன. ஒன்று இடப்பக்கமாக இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியது. இன்னொன்று கூண்டின் மேல்மூலையில் தலையைக் கொண்டுபோய் முட்டியது. தட்டு வந்த நேரத்தில் எதைச் செய்துகொண்டிருந்ததோ அதனால்தான் தீனி வந்தது என்று புறா எடுத்துக்கொண்டது என்பது ஸ்கின்னரின் விளக்கம். பிறகு தீனியை அடியோடு நிறுத்தியும், ஒரு பறவை தன் சடங்கைப் பத்தாயிரம் தடவைக்கு மேல் செய்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

பலிக்காதபோதும் ஏன் விடுவதில்லை என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டுப் பழைய டியூப் லைட்டை நினைத்துப் பாருங்கள். தட்டினால் சில சமயம் எரியும், சில சமயம் எரியாது. அதனாலேயே நாலு நாள் எரியாவிட்டாலும் ஐந்தாம் நாள் தட்டுவோம். எப்போதும் சரியாக ஓடும் ஃபேன் ஒருநாள் நின்றால் நேரே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவோம். எப்போதாவது பலிக்கிற காரியத்தில்தான் மனம் ஒட்டிக்கொள்கிறது. இதைச் சொல்லாமல், "இத்தனை தடவை பலிக்கலையே" என்று நீங்கள் வாதாடுவதால்தான் அது அவர் காதில் ஏறவில்லை.

இனி அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆர்டர் வந்தது உண்மை, அதை மறுக்காதீர்கள். ஆனால் அவர் எப்போது பரிகாரத்துக்குப் போனார்? தொழில் அடிமட்டத்தில் கிடந்தபோது. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதான் குழந்தையை மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். சாதாரணக் காய்ச்சல் எப்படியும் இரண்டு மூன்று நாளில் இறங்கும், பெயர் திருநீற்றுக்குப் போகும். தொழிலிலும் அடிமட்டத்துக்குப் பிறகு பெரும்பாலும் கொஞ்சம் ஏற்றம்தான். இன்னொன்றையும் விசாரியுங்கள்: பரிகாரம் முடிந்த அந்த வாரத்தில் அவர் பழைய பார்ட்டிகள் எத்தனை பேருக்கு போன் செய்தார்? மனதில் தெம்பு வந்ததும் மனிதர்கள் நாலு இடத்துக்குப் போய்க் கேட்பார்கள். அப்படிக் கேட்டதால் வந்த ஆர்டராக இருந்தால், அதைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

செய்ய வேண்டியது ஒரே காரியம். அவருடைய பில் புக்கையும் டெலிவரி சலான்களையும் எடுத்துக்கொண்டு, இரண்டு வருடக் கணக்கை மாதவாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆர்டர் நீல மையில், பரிகாரம் சிவப்பு மையில். பரிகாரம் செய்து ஆர்டர் வந்த மாதங்கள் அவருக்கு மனப்பாடம். செய்தும் வராத மாதங்களைச் சொன்னால் ஏதாவது காரணம் சொல்வார். செய்யாமலே வந்த மாதங்கள்தான் யார் கண்ணிலும் படுவதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு லேத் பட்டறைக்காரரை அவர் மனைவி இப்படி ஒரு நோட்டோடு என்னிடம் கூட்டி வந்தார். நான் ஒன்றும் பேசவில்லை, நோட்டை அவர் கையில் கொடுத்தேன். எரிச்சலோடு புரட்டினார், முடித்தார், மறுபடி முதலிலிருந்து புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. மூன்று நீலக் கோடு, சிவப்பே இல்லை. "இது எங்கம்மா இறந்த மாசம். தீட்டுன்னு சாமி விளக்குகூட ஏத்தலையே" என்றார். அதற்குப் பிறகு நெடுநேரம் பேசவே இல்லை. நான் ஒரு வருடம் வாதாடியிருந்தாலும் அந்தப் பக்கம் செய்ததைச் செய்திருக்க முடியாது.

இனிமேல் நடப்பதற்கும் இதே நோட்டுதான். அடுத்த பரிகாரம் பற்றிப் பேச்செடுத்தால் தடுக்காதீர்கள். "ஏனுங்க, எந்தத் தேதிக்குள்ள எவ்வளவு ஆர்டர் வரும்னு மட்டும் ஜோசியரைக் கேட்டு எழுதி வெச்சுக்கலாமுங்க" என்று சொல்லுங்கள். தேதி போட்டுத் தர எந்தப் பரிகாரக்காரரும் சம்மதிக்க மாட்டார். கோயிலுக்குப் போவதையும் வீட்டில் கும்பிடுவதையும் இதில் இழுக்கவே வேண்டாம். இழுத்தால் பேச்சு சாமி பக்கம் திரும்பிவிடும், பணம் மறந்துபோகும்.

அந்தத் "தெரிந்தவர்" விஷயத்தில் கவனமாக இருங்கள். என்னிடம் வரும் குடும்பங்களில் பெரும்பாலும் ஜோதிடருக்கு முன்னால் ஒரு இடைத்தரகர் இருக்கிறார். ஃபைனான்ஸ்காரர், இடம் பார்த்துக் கொடுப்பவர், சில இடங்களில் சொந்தக்காரரே. வீட்டுக் கடன், பங்காளித் தகராறு எல்லாம் அவருக்கு முன்பே தெரியும். அதுதான் ஜோதிடர் வாயால் வந்து விழுகிறது, நாம் அசந்துபோகிறோம். பூஜைச் சாமானைத் தானே வாங்கித் தருகிறேன் என்பார். முதல் தொகை சின்னதாக இருக்கும். "பாதியில் விட்டால் திருப்பி அடிக்கும்" என்று என்றைக்கு ஒருவர் சொல்கிறாரோ, அன்றோடு அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. பயத்தை விற்பவர்கள் எல்லோரும் சொல்லும் வாக்கியம் அது.

புகார் கொடுக்கலாமா என்றால் கொடுக்கலாம். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் மோசடிக்கு 318-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் ரசீது இல்லை, சாட்சி இல்லை, போனால் "நீங்களாகத்தானே கொடுத்தீங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். 1954-ஆம் ஆண்டின் மாயமருந்து விளம்பரச் சட்டம் நோய்க்கான விளம்பரத்தைத்தான் பிடிக்கும், தொழில் நஷ்டப் பரிகாரத்தைத் தொடாது. மூடநம்பிக்கையின் பெயரால் நடக்கும் கொடுமைகளுக்கும் ஏமாற்றுக்கும் எதிராக மகாராஷ்டிரத்தில் 2013-ல் சட்டம் வந்தது, கர்நாடகத்தில் 2017-ல் நிறைவேறியது. பகுத்தறிவை மேடைக்கு மேடை பேசுகிற நம் மாநிலத்தில் அப்படி ஒன்று இல்லை. 2001-ல் ஏர்வாடியில் மனநோய் தீர என்று சங்கிலியில் கட்டிவைத்திருந்தவர்கள் 28 பேர் தீயில் கருகிய பிறகும் நாம் விழித்துக்கொண்டது பாதிதான். எனக்கு இதில் ஆற்றாமை தீரவே இல்லை.

கடைசியாக அந்த வாசல்படி. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். பரிகாரம் செய்பவர் அதை நம்பிச் செய்வார், கேட்டால் சண்டைக்கு வருவார், செய்ததும் நிம்மதியாகிவிடுவார். வேறொரு வகை உண்டு. கடை ஷட்டரைப் பதினோரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "அர்த்தமில்லைன்னு எனக்கே தெரியுது சார், ஆனா நிறுத்த முடியலை" என்று கண் கலங்கியவரைப் பார்த்திருக்கிறேன். அது எண்ணச் சுழற்சி நோய், ஓசிடி என்பார்கள். எனவே இவற்றைக் கவனியுங்கள்: மூன்று என்பது ஐந்தாகவும் ஏழாகவும் ஏறுகிறதா? குறுக்கே யாராவது பேசினால் முதலிலிருந்து ஆரம்பிக்கிறாரா? ஒளித்துச் செய்கிறாரா? எல்லாம் சேர்த்து நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறதா? செய்யவிடாமல் தடுத்தால் வியர்த்து நடுங்குகிறாரா? இவற்றில் இரண்டுக்கு "ஆமாம்" என்றால் நோட்டு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்தால் நன்றாகக் கட்டுப்படுகிற நோய். சும்மா ஒரு பழக்கமாக, சிரித்துக்கொண்டே தொட்டுவிட்டுப் போகிறார் என்றால் கண்டுகொள்ளாதீர்கள்.

அரசு மருத்துவமனையில் கூட்டம் இருக்கும், ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். போகத் தயங்கினால் 14416-க்கு போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். ஒரே நாளில் ஹிப்னாடிசம் செய்து மாற்றித் தருகிறோம் என்று போர்டு வைத்திருப்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள், அங்கும் இதே தரகர் கூட்டம்தான். மருத்துவ உளவியலாளர் என்று ஒருவர் சொன்னால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். உண்மையானவர் தயங்காமல் சொல்வார்.

நகை யார் பெயரில் அடகில் இருக்கிறது என்று சீட்டை எடுத்துப் பாருங்கள். வட்டி கட்ட வேண்டிய தேதியை அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே, சிவப்பு மையில் எழுதிவிடுங்கள்.