22ஆம் கேள்வி

வணக்கம் சார். முதல் உலகப் போரை எதிர்த்தவர்களைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். கிடைக்கும் ஆவணமெல்லாம் குவேக்கர் போன்ற கிறிஸ்தவக் குழுக்களுடையதாகவே இருக்கிறது. மதநம்பிக்கை இல்லாதவர்களின் பங்கு குறைவு என்று முடிவு செய்யலாமா? கடவுள் பயம் இல்லாதவரை ஆயுதம் எடுக்காமல் எது தடுக்கும் என்றும் தோன்றுகிறது. வேறு எங்கே தேடலாம்?
(ஆய்வு மாணவர், மதுரை)

அன்புள்ள தம்பி,

சில நாட்களாக இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படி முடிவு செய்யக் கூடாது. குவேக்கர்களுக்குச் சபை இருந்தது, கூட்டக் குறிப்பேடு இருந்தது, அதைக் காப்பாற்ற அடுத்த தலைமுறை இருந்தது. நாத்திகருக்கு யார் இருந்தார்கள்? பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கு கேட்டவர்களை விசாரித்த தீர்ப்பாயங்களின் காகிதங்களை 1921இல் அரசே அழிக்கச் சொன்னது. மிடில்செக்ஸ் போன்ற ஓரிரு இடங்களுடையதை மட்டும் மாதிரிக்கு வைத்துக்கொண்டார்கள். காகிதம் கிடைக்கவில்லை என்றால் ஆளே இல்லை என்று எழுதிவிடுவீர்களா?

அந்தக் 'கடவுள் பயம்' வரி எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. ரோசிகா ஷ்விம்மரைப் படித்திருந்தால் அதை எழுதியிருக்க மாட்டீர்கள். புடாபெஸ்டில் பிறந்தவர், நாத்திகர். போர் நடக்கும்போதே 1915இல் ஹேக் நகரில் பெண்கள் கூட்டிய சமாதான மாநாட்டின் முன்வரிசையில் நின்றவர். அமெரிக்கக் குடியுரிமைப் படிவத்தின் 22ஆம் கேள்வி, தேவைப்பட்டால் நாட்டைக் காக்க ஆயுதம் ஏந்துவீர்களா என்பது. நான் ஏந்த மாட்டேன் என்று எழுதினார். பேருக்கு ஒரு 'ஆம்' போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஐம்பதை நெருங்கும் பெண்ணிடம் எந்த ராணுவம் துப்பாக்கியைக் கொடுக்கப்போகிறது? ஆனாலும் பொய் எழுத அவருக்கு மனம் வரவில்லை. 1929இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று குடியுரிமையை மறுத்தது. அவர் பக்கம் நின்று மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஹோம்ஸ்கூட குவேக்கர்களையும் இயேசுவின் மலைப்பிரசங்கத்தையும்தான் துணைக்கு அழைத்தார். 1946இல் அந்த முன்தீர்ப்பு உடைந்ததும் அட்வென்டிஸ்ட் என்னும் கிறிஸ்தவச் சபைக்காரர் ஒருவரின் வழக்கில். அவர் வாழ்ந்த காலத்தில், கடவுளை நம்பாதவரின் மனசாட்சி தன் காலில் நிற்க உச்ச நீதிமன்றம் இடம் கொடுக்கவில்லை. எந்த நாட்டுக் குடிமகளாகவும் இல்லாமலே 1948இல் நியூயார்க்கில் இறந்தார்.

தன்னைப் போன்றவர்களின் காகிதங்கள் குப்பைக்குத்தான் போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பெண்களின் ஆவணங்களுக்கென்றே ஓர் உலக மையம் வேண்டும் என்று 1935இல் முனைந்தார். வரலாற்றாசிரியர் மேரி பியர்ட் தலைமையேற்றும் 1940இல் அதை மூடவேண்டியதாயிற்று. ஆனால் தோழி லோலா லாயிட்டுடையதோடு சேர்த்துத் தன் காகிதங்களை நியூயார்க் பொது நூலகத்திடம் ஒப்படைத்தார். இன்றும் அங்கே இருக்கின்றன.

தேட வேண்டிய இடம் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியின் சமாதானத் தொகுப்பு, ஆம்ஸ்டர்டாமின் சமூக வரலாற்று நிறுவனம். மிடில்செக்ஸ் காகிதங்களை பிரிட்டனின் தேசிய ஆவணக்காப்பகம் இணையத்திலேயே ஏற்றியிருக்கிறது. முதலில் அவற்றில், மதத்தைக் காரணம் காட்டாமல் மறுத்த சோஷலிஸ்டுகளின் மனுக்களைப் படியுங்கள். படித்துவிட்டு எழுதுங்கள்.