சிறுநீரகத்தை நாடும் முன்மருந்துகள்: கேள்வி-பதில்

கேள்வி: காமா குளூட்டமைல் டோபா சிறுநீரகத்தில் மட்டும் டோபமைனாக மாறுவது எப்படி?

பதில்: இது ஒரு முன்மருந்து, அதாவது உடலில் நொதியால் மாற்றப்பட்ட பிறகே செயல்படும் மருந்து. சிறுநீரகத்தின் அண்மைச் சுருண்ட நுண்குழலின் தூரிகை விளிம்பில் (செல்களின் தூரிகை போன்ற உட்புற ஓரத்தில்) மிகுந்திருக்கும் ஜிஜிடி (காமா குளூட்டமைல் டிரான்ஸ்ஃபரேஸ்) நொதி காமா பிணைப்பை அறுத்து லெவோடோபாவை விடுவிக்க, அது செல்லுக்குள் சென்று டீகார்பாக்சிலேஸால் டோபமைனாகிறது. ஜிஜிடி கல்லீரலிலும் கணையத்திலும் இருப்பதால், ‘மட்டும்’ என்பதைப் ‘பெரும்பாலும்’ என்று திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் மருந்துடன் குளூட்டமைல் பகுதியை இணைக்கலாமா?

பதில்: மருந்தின் அமைப்பை அனுப்பாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? அமைடு பிணைப்புக்கு இடந்தரும் அமீன் தொகுதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: ஒளிரும் சாயம் இணைத்த எங்கள் மூலக்கூறு எலியின் சிறுநீரகத்தில் ஒரு மணி நேரத்தில் குவிந்தது. சிறுநீரகத்தைத் தேர்ந்து செயல்படுகிறது என்று எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது. இதே கேள்வி ஓயாமல் வருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மனிதரின் சிறுநீரகங்கள் நிமிடத்திற்குச் சுமார் 125 மில்லிலிட்டர் வடிகட்டுகின்றன. எலியிலும் வழி அதுவே என்பதால், நீரில் எளிதில் கரையும் சிறிய மூலக்கூறுகள் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேரும். குவிவது வேறு, மருந்து விடுபடுவது வேறு. படத்தில் ஒளிர்வது சாயம். பிணைப்பு அறுந்ததா, விடுபட்ட மருந்து செல்லில் தங்கியதா, சிறுநீரோடு போய்விட்டதா என்பதை அது காட்டாது. திசுவை அரைத்து, முன்மருந்தையும் விடுபட்ட மருந்தையும் எல்சி-எம்எஸ் (சேர்மங்களைப் பிரித்து நிறையால் இனங்காணும்) கருவியில் தனித்தனியே அளந்து, அதே நேரத்துப் பிளாஸ்மா, கல்லீரல் அளவுகளோடு ஒப்பிடுங்கள். அரைக்கும் குழாயில் குளிர்ந்த அமிலத்தை உடனே சேர்க்காவிட்டால், நொதி குழாயிலேயே முன்மருந்தை அறுத்து உங்களுக்குப் பொய்க் கணக்குத் தரும். முன்மருந்தாக மாற்றாத மூல மருந்தைச் சம மோல் அளவில் வேறு எலிகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். அசிவிசினால் ஜிஜிடியைத் தடுத்தால் விடுபடுவது குறைகிறதா என்றும் சோதியுங்கள். எலிச் சிறுநீரகத்தில் ஜிஜிடி மிக அதிகம். மனிதத் திசுவில் தனியே பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

கேள்வி: லைசோசைமுடன் இணைப்பது மேலானதா?

பதில்: ஏறத்தாழ 14 கிலோடால்ட்டன் எடையுள்ள அந்தப் புரதம் கிளாமருலஸில் (சிறுநீரகத்தின் வடிகட்டும் முடிச்சில்) வடிந்து, மெகலின் ஏற்பி வழியே நுண்குழல் செல்லுக்குள் சென்று லைசோசோமில் செரிக்கப்படுகிறது. நாப்ராக்சென் என்ற வலிநிவாரணியை அதனுடன் அமைடாக இணைத்தபோது விடுபட்டது நாப்ராக்சென்-லைசின். ஆகவே எது விடுபடுகிறது என்பதை இங்கும் அளந்தே ஆக வேண்டும். ஊசி வழியே கொடுக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

கேள்வி: பீட்டா லையேஸ் நொதியைப் பயன்படுத்தலாமா?

பதில்: பியூரினைல் சிஸ்டீனிலிருந்து 6-மெர்காப்டோபியூரின் என்ற மருந்தை அது விடுவிக்கிறது. ஆனால் டிரைகுளோரோஎத்திலீனின் சிஸ்டீன் இணைப்பைச் சிறுநீரக நஞ்சாக்குவதும் அதே நொதிதான். நச்சுச் சோதனையை முதலில் முடியுங்கள்.

கேள்வி: நோயுற்ற சிறுநீரகத்திலும் இவை வேலை செய்யுமா?

பதில்: நுண்குழல் சிதைந்தால் தூரிகை விளிம்பு உதிர்ந்து ஜிஜிடி சிறுநீரில் வந்துவிடும்; வடிகட்டும் வேகம் குறைந்தால் முன்மருந்தின் வரத்தும் குறையும். உங்கள் மருந்து யாருக்கானதோ, அந்த நோயின் மாதிரி விலங்கிலேயே விடுபடும் அளவை மீண்டும் அளந்து, முடிவோடு மருந்தின் அமைப்பையும் அனுப்புங்கள்.