சான்றிதழ் பார்த்துச் சோறு போடலாமா?

கேள்வி: அரசுப் பள்ளிகளில் காலையில் சிற்றுண்டி, மதியம் சத்துணவு என்று சாப்பாடு போட்டே பாதி நாள் போய்விடுகிறது. பிள்ளைக்குச் சோறு போடுவது பெற்றவர்கள் கடமை அல்லவா? அப்படியே போட்டாலும், வருமானச் சான்றிதழ் பார்த்து உண்மையான ஏழைகளுக்கு மட்டும் போட்டால் வரிப்பணம் மிச்சமாகுமே?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பிள்ளைகளை அதிகம் காயப்படுத்தக்கூடியது அதுதான்.

ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள். அதில் பன்னிரண்டு பேரை மட்டும் எழுப்பிச் சாப்பிட அனுப்பினால், "இவர்கள் வீட்டில் சோறு இல்லை" என்று மற்றவர்களுக்கு அறிவித்த மாதிரிதான். எட்டு வயதுப் பிள்ளைக்கும் மானம் உண்டு. நாலு நாள் போகும், ஐந்தாம் நாள் "எனக்குப் பசிக்கலை டீச்சர்" என்று உட்கார்ந்துவிடும். சரி, சான்றிதழ் யாரிடம் இருக்காது என்று பாருங்கள். செங்கல் சூளைக்கு ஊர்விட்டு ஊர் வந்த குடும்பத்திடம் இருக்காது. தாலுகா ஆபீசுக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்று தள்ளிப்போடும் அம்மாவிடம் இருக்காது. உங்கள் சல்லடையில் முதலில் விழுந்துவிடுவது அவர்களுடைய பிள்ளைகள்தான். வசதி உள்ளவர்களோ பெரும்பாலும் தனியார் பள்ளிக்குப் போய்விட்டார்கள். மிச்சம் யாரை வடிகட்டப் போகிறோம்?

பெற்றவர்கள் கடமை பற்றிக் கேட்டீர்கள். நாற்று நடப் போகிறவரும், பனியன் கம்பெனி வண்டியைப் பிடிக்க ஓடுகிறவரும் பிள்ளை கண் விழிக்கும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைக்காகத்தான் அவர்கள் ஓடுகிறார்கள். அவர்களைக் கடமை தவறியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த வாதம் புதிதும் அல்ல. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட்டுச் சாப்பாடு கொடுக்கத் தீர்மானித்தது. பிள்ளைகள் வரத்து கூடியது. கல்வி நிதியைச் சாப்பாட்டுக்குச் செலவு செய்யக்கூடாது என்று 1925-இல் ஆங்கிலேய அரசு அதை நிறுத்தியது. அப்புறம் 1950-களில் காமராசர், கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு துணையோடு மதிய உணவைக் கொண்டுவந்தார். செலவில் ஒரு பங்கை ஊர்மக்களே நன்கொடையாகக் கொடுத்தார்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோது, இவ்வளவு பணம் எங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள் ஏராளம். பின்னால் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. சமைத்த உணவைப் பள்ளியில் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பிள்ளைகளின் உரிமையாகவே எழுதிவிட்டது. ஆகவே இதை யாரும் தானம் என்று நினைக்க வேண்டாம்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் ஆய்விதழில் 2021-இல் வந்த ஓர் ஆய்வு, சிறுவயதில் பள்ளி உணவு கிடைத்த பெண்களுக்குப் பிறந்த குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தோடு வளரும் வாய்ப்பு கூடுதல் என்று இந்தியத் தரவுகளை வைத்தே காட்டியது. ஒரு தலைமுறைக்குப் போட்ட சோறு அடுத்த தலைமுறையின் எலும்பில் தெரிகிறது. இதைவிடப் பெரிய சேமிப்பை வரிப்பணத்துக்கு என்னால் காட்ட முடியாது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். 2025 மே மாதம் முதல் ஒரு தொடக்கப் பள்ளிப் பிள்ளையின் மதிய உணவுக்குப் பருப்பு, காய்கறி, எண்ணெய், எரிபொருள் எல்லாவற்றுக்குமாக மத்திய திட்டம் வைத்திருக்கும் கணக்கு 6 ரூபாய் 78 காசு. அரிசி தனி. டீக்கடையில் ஒரு டீ இந்த விலைக்குக் கிடைக்குமா?

நாம் கோபப்பட வேண்டிய இடங்கள் வேறு. பட்டியல் சாதிப் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளை சாப்பிடாது என்று பெற்றோர் கிளம்பினார்கள்: 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில், 2023-இல் கரூர் மாவட்டத்தில். சமையலர் நியமனத்தில் பட்டியல் சாதியினருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லியிருக்கிறது. ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே பானைச் சோற்றை எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடுவது நம் ஊரில் எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்த எதிர்ப்பே சொல்கிறது. எல்லோருக்கும் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பதற்கு இதுவும் காரணம்.

அந்தப் பானையை இறக்கி வைக்கும் பெண்ணின் சம்பளம்? சத்துணவு மையங்களில் காலியாகக் கிடந்த எட்டாயிரத்துச் சொச்சம் சமையல் உதவியாளர் இடங்களை நிரப்ப 2024 கடைசியில் தமிழக அரசு ஆணையிட்டது. மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியம். மத்திய அரசின் கணக்கோ இன்னும் மோசம்: சமைப்பவருக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2009-இல் வைத்தது. புகையிலும் வெக்கையிலும் நின்று ஊர்ப் பிள்ளைகளுக்கு வடித்துக் கொட்டுகிறவரின் வீட்டு உலை இந்தப் பணத்தில் எப்படிக் கொதிக்கும்?

இன்னொன்று. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்று வகுக்கப்பட்டது. ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குக் காலையில் பசிக்காதா? பதினோராம் வகுப்புக்குப் போனால் மதியச் சத்துணவும் கிடையாது. வளர்கிற வயதில், அதுவும் பெண் பிள்ளைகளுக்கு ரத்தசோகை அதிகம் உள்ள வயதில், தட்டை எடுத்துவிடுகிறோம். வரிப்பணம் பற்றிக் கேட்கும் உரிமை உங்களுக்கு முழுவதும் உண்டு. அதை வைத்து இந்த இரண்டையும் கேளுங்கள். உங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. முட்டை அழுகியிருந்தாலும், பருப்பில் வண்டு இருந்தாலும் அங்கே எழுத்தில் கொடுக்கலாம்.