பெரிய டிராகன், பெரிய பெட்டி: மினியேச்சர் கேள்வி-பதில்

மினியேச்சர், சுருக்கமாக மினி, என்றால் மேசையில் ஆடும் கற்பனைக் கதை விளையாட்டுகளுக்கான சின்ன உருவம். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டிராகன்தான். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒருக்காத்தான் பதில்.

"கார்கான்டுவான் அளவு என்று போட்டிருக்கிறார்கள். அது எவ்வளவு பெரிசு?" (கொக்குவில்)

டன்ஜன்ஸ் அன் டிராகன்ஸ் விளையாட்டின் விதிப்படி 4க்கு 4 கட்டம் அல்லது அதற்கு மேல். ஒரு கட்டம் ஒரு அங்குலம், ஆகவே பேஸ் (உருவம் நிற்கும் அடித்தட்டு) 10 சென்ரிமீற்றர் அளவில் வரும். உயரத்தைப் பற்றி விதி ஒன்றும் சொல்வதில்லை, வியாபாரம் நடப்பது அங்கேதான். ஒருவருடைய கார்கான்டுவான் 12 சென்ரிமீற்றர் நிற்கும், இன்னொருவருடையது 30. சிலர் மூக்கு நுனியில் இருந்து வால் நுனி வரை அளந்து பெரிய எண்ணாகப் போடுவார்கள். பேஸ், தோள் வரை உயரம் இரண்டையும் மில்லிமீற்றரில் போடாத பக்கத்தில் காசு கட்ட வேண்டாம்.

"பெட்டியைத் திறந்தால் இறக்கை வளைந்திருக்கிறது." (சாவகச்சேரி)

மென்மையான பி.வி.சி. என்றால் கொதிதண்ணியில் ஒரு நிமிடம் அமிழ்த்தி, நேராக்கி, அப்படியே குளிர்தண்ணிக்குள் பிடியுங்கள். நிமிர்ந்துவிடும். பெயின்ட் பூச முதல் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இந்தப் பிளாஸ்டிக்கில் சில ஸ்பிரே பிரைமர்கள் (அடிப்பூச்சு) காயாமல் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும், ஆகவே முதலில் பேஸின் அடியில் அடித்துப் பாருங்கள். சாமான் ரெசின் (கடினமான பிளாஸ்டிக்) என்றால் வளைக்க வெளிக்கிட வேண்டாம், உடையும்.

"60 டொலருக்கு ஐந்து தலை டிராகன் எடுத்தேன். இப்போது அனுப்புகூலி என்று இன்னும் 55 டொலர் கேட்கிறார்கள். இது ஏமாற்று இல்லையா?" (மானிப்பாய்)

இல்லை தம்பி, நீங்கள் வாசிக்கவில்லை. நீங்கள் அனுப்பிய படத்திலேயே, பக்கத்தின் அடியில், கூலி பிறகு பிளெட்ஜ் மனேஜரில் (விலாசமும் மிச்சக் காசும் வாங்கும் இணையப் படிவம்) அறவிடப்படும் என்று இருக்கிறது. மேலே டிராகன் நெருப்பு ஊதும் வீடியோவை மூன்று தரம் பார்த்திருப்பீர்கள், கீழே இறங்கியிருக்க மாட்டீர்கள். பக்கத்தின் கடைசிப் பகுதியை முதலில் வாசியுங்கள் என்று எத்தனை தரம் எழுதிவிட்டேன்!

கூலியை ஏன் முதலே எடுப்பதில்லை? இவர்கள் கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளத்தில் பிரசாரம் போட்டு, சனத்திடம் முதலே காசு சேர்த்து, பிறகுதான் சாமான் செய்கிறவர்கள். காசு சேர்க்கும் நேரத்தில் டிராகன் கணினித் திரையில்தான் இருக்கும். அது எத்தனை துண்டாக வரும், பெட்டி எவ்வளவு என்று அவர்களுக்கே தெரியாது. கூரியர்காரர் நிறையை மட்டும் பார்ப்பதும் இல்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள். 40க்கு 30க்கு 25 பெட்டி என்றால் 6 கிலோ. உள்ளே ஒன்றரைக் கிலோ டிராகனும் மிச்சம் காற்றும் இருந்தாலும் 6 கிலோவுக்குத்தான் கூலி. விரித்த இறக்கை வடிவுதான், அந்த வடிவுக்கும் நீங்கள்தான் காசு கட்டுகிறீர்கள்.

கூலியை முன்கூட்டியே வாங்கியவர்கள் பட்ட பாட்டையும் பார்த்தோம். கொரோனாவுக்கு முன் 40 அடிக் கொள்கலன் ஒன்றின் கப்பல் கூலி உலகச் சராசரியாக 1,500 டொலர் அளவில் இருந்தது, 2021 செப்டெம்பரில் 10,000ஐத் தாண்டியது. பழைய விலையில் கூலி வாங்கி வைத்திருந்த பல சின்ன ஆட்கள் அதில் அடிபட்டுப் போனார்கள். பிந்திக் கேட்பவர்தான் நேர்மையான ஆள் என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்று. கொழும்பில் சுங்கம் பெட்டியைத் திறந்தால் தீர்வையும் 18% வற் (VAT) வரியும் வேறு. அதற்குப் பயந்து லண்டன் மாமியின் விலாசத்தைக் கொடுக்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். நான் கொடுத்தேன். பெட்டி ஒன்றரை வருடம் மாமி வீட்டுக் கராஜில் கிடந்தது. மாமி ஊருக்கு வரும்போது இடம் காணாதென்று பெட்டியைப் பிரித்து, டிராகனைச் சேலைகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தா. இரண்டு கழுத்து முறிந்திருந்தது. "இந்தப் பேயை ஏனடா என்னைக் காவ வைத்தனி?" என்று இன்றைக்கும் எல்லாக் கலியாண வீட்டிலும் கேட்கிறா. கூலி கட்டியிருந்தால் மலிவாக முடிந்திருக்கும்.

"ஸ்ட்ரெச் கோலில் வருவது எல்லாம் இலவசம்தானே?" (உடுவில்)

ஸ்ட்ரெச் கோல் என்றால் கேட்டதுக்கு மேல் காசு சேரச் சேரக் கூட்டித் தருவதாகச் சொல்லும் சாமான். இலவசம் என்று எழுதியிருக்கும். ரீப்பர் நிறுவனம் 2012இல் கிக்ஸ்டார்ட்டரில் 30,000 டொலர் கேட்டது. கிடைத்தது 34 இலட்சம் டொலர். 100 டொலர் பிளெட்ஜில் (ஒருவர் கட்டும் தொகை) 200க்கு மேற்பட்ட மினிகள் சேர்ந்தன. அதைப் பார்த்த பிறகு எல்லோருக்கும் அந்த ஆசை. ஆனால் ரீப்பர் அப்போதே பல வருடம் மினி செய்து விற்ற ஆட்கள். முதல் தரம் வருகிறவர் சேர்க்கும் ஒவ்வொரு "இலவச" பூதத்துக்கும் ஓர் அச்சு, பெட்டியில் ஒரு மூலை இடம், கொஞ்சம் நிறை. கூலி எப்படிக் கூடுகிறது என்று மேலே மானிப்பாய்த் தம்பிக்கு எழுதியதைப் பாருங்கள்.

"இரண்டு வருடமாகச் சாமான் வரவில்லை. காசைத் திருப்பி எடுக்க வழி சொல்லவும்." (ஊர் போடவில்லை)

ஊர் மட்டுமா போடவில்லை? எந்தத் தளம், எந்தப் பிரசாரம், கடைசி அறிவிப்பில் என்ன சொன்னார்கள், ஒன்றும் இல்லை. தாங்கள் கடை இல்லை என்று கிக்ஸ்டார்ட்டர் 2012இலேயே சொல்லிவிட்டது. காசு பிரசாரம் செய்தவரிடம் போய்விட்டது, அவரிடம்தான் கேட்க வேண்டும். முதலில் பிளெட்ஜ் மனேஜரில் உங்கள் விலாசம் நிரப்பியிருக்கிறதா என்று பாருங்கள். இப்படி எழுதுகிறவர்களில் அரைவாசிப் பேர் அதை நிரப்பியே இருக்க மாட்டார்கள்.

"முப்பரிமாணக் கோப்பு (ஃபைல்) மட்டும் வாங்கி வீட்டில் பிரின்ட் எடுத்தால் மலிவுதானே?" (திருநெல்வேலி)

சின்னதுக்கு ஓம். பெரிசுக்குக் கணக்குப் பாருங்கள். உயரத்தை இரண்டு மடங்காக்கினால் கனவளவு எட்டு மடங்கு. ரெசினும் (பிரின்டரில் ஊற்றும் திரவப் பிளாஸ்டிக்) அவ்வளவு வேண்டும். ஆகவே கணினியில் அந்தக் கோப்பில் (எஸ்.டி.எல்.) உருவத்தை உள்ளே கோறையாக்கி, 2 முதல் 3 மில்லிமீற்றர் சுவர் விட்டு, அடியில் வடிகால் துளை போடுங்கள். துளை இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட ரெசின் மாதக்கணக்கில் இருந்து ஒருநாள் வெடித்து ஒழுகும். பிரின்டர் தட்டில் பிடிக்காததைத் துண்டாக வெட்டி ஒட்ட வேண்டும். நைட்ரைல் கையுறை கட்டாயம், சமையலறைப் பக்கம் வேண்டாம்.

பிரின்ட்டைக் கழுவிய அல்ககோலை வளவில் ஊற்றாதீர்கள். எங்கள் யாழ்ப்பாண நிலம் சுண்ணாம்புக் கல், மேலே ஊற்றியது கிணத்துக்கு இறங்கும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கண்டு சனம் பட்ட பாடு மறந்துவிட்டதா? கண்ணாடிப் போத்தலில் வெயிலில் வைத்தால் ரெசின் இறுகி அடியில் படியும். வடித்துத் திரும்பப் பாவியுங்கள், இறுகியதைக் குப்பையில் போடுங்கள்.

"தலை மாற்றும் சூரனை ராட்சத மினியாகச் செய்திருக்கிறேன். கிக்ஸ்டார்ட்டரில் போடலாமா?" (இணுவில்)

இந்தக் கிழமை வந்ததில் எனக்குப் பிடித்த கடிதம் இது. சூரன்போரில் ஆனைமுகன், சிங்கமுகன் என்று தலை மாற்றுவது உற்பத்திக் கணக்குக்கும் நல்ல யோசனை: உடம்புக்கு ஒரே அச்சு, தலைகள் மட்டும் வேறு. கழுத்தில் சின்னக் காந்தம் வையுங்கள். மாமரத்தையும் மறக்க வேண்டாம்.

ஆனால் கிக்ஸ்டார்ட்டரில் பிரசாரம் தொடங்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. ரொறன்ரோ அண்ணையின் பெயரில் போடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். போட்டால் பொறுப்பும் அவருக்கு, வருமான வரியும் அவருக்கு. சாமான் பிந்தினால் திட்டு வாங்குவதும் அவர்தான். இதையெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டுக் கேளுங்கள். சேரும் காசில் தளத்துக்கு 5%, அட்டைக் கட்டணம் 3 முதல் 5% கழியும், 10% போனது என்றே வையுங்கள். என்னைக் கேட்டால் முதலில் கோப்பாக மட்டும் விற்றுப் பாருங்கள். அச்சும் இல்லை, பெட்டியும் இல்லை. பேஸ் அளவை மில்லிமீற்றரில் போடுங்கள்.

"மினி இல்லாமல் விளையாட ஏலாதா?" (பருத்தித்துறை)

ஏலும். என் மேசையில் நாலு வருடமாகக் கடல் பூதம் ஒரு சிரட்டை.

படம் மட்டும், "இது நல்லதா?" (வட்டுக்கோட்டை)

படத்தில் உங்கள் பெருவிரல்தான் தெரிகிறது.