கடிதத்தில் ஒரே வரியில் வரும் பையன்

கேள்வி: எனக்கு வயது 38. வேலை முடிந்து வந்ததும் இரவில் போனில் செஸ் ஆடுவேன். பத்து நிமிட ஆட்டம். எதிரில் ஆடுபவர்களின் நடத்தைதான் தாங்க முடியவில்லை. தோற்பது உறுதியானதும் காயை நகர்த்தாமல் மீதி நேரத்தை அப்படியே ஓட விடுகிறார்கள். சாட்டில் என் அம்மாவை இழுத்துத் திட்டுகிறார்கள். நானும் பதிலுக்குத் திட்டுகிறேன். பக்கத்தில் படுத்திருக்கும் என் ஒன்பது வயதுப் பையனே, "விடாதப்பா, நல்லாத் திட்டு" என்கிறான். இவர்களை எப்படிச் சமாளிப்பது?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: தம்பி, போனில் செஸ் ஆடும் தளங்களான செஸ்.காம், லிசெஸ் இரண்டிலுமே சாட்டை மூடி வைக்கலாம். திட்டுகிறவனைப் பிளாக் செய்து புகார் கொடுக்கலாம். காயை நகர்த்தாதவனுக்கு நேரம் தீர்ந்தால் ஆட்டம் உங்களுடையது. அதுவரை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான்.

நீங்கள் கேட்காததுதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. "நல்லாத் திட்டு" என்று பிள்ளை சொன்னதை, உங்கள் பக்கம் ஒரு சாட்சி கிடைத்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். தூங்க வேண்டிய நேரத்தில் அவன் கண் உங்கள் திரையில் இருக்கிறது. வந்த வசவைப் படிக்கிறான். அப்பாவின் கட்டைவிரல் பதிலுக்கு என்ன தட்டுகிறது என்று பார்க்கிறான். எது நல்ல திட்டு, எது சுமாரான திட்டு என்று ஒன்பது வயதில் அவனுக்குப் பிடிபட்டிருக்கிறது. முகம் தெரியாத எதிராளியா இதைக் கற்றுக்கொடுத்தான்? நீங்கள்தான் தம்பி.

இன்னொன்று. அங்கே வசவு வாங்கியது அவனுடைய பாட்டி. அதற்கு நீங்கள் தேடிக் கொடுத்த மரியாதை, இன்னொருவன் வீட்டுப் பாட்டியைத் திட்டியது! வீட்டுப் பெண்களின் பேரைச் சொல்லிச் சண்டை போடும் ஆண்பிள்ளைகள் தெருவில் முளைப்பதில்லை, இப்படி அப்பாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டுதான் வளர்கிறார்கள். இதில் உங்களுக்குச் சலுகை காட்ட எனக்கு மனம் வரவில்லை.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், 14ஆவது ஆட்டத்தில், அதுவரை சாம்பியனாக இருந்த சீனாவின் டிங் லிரனை வென்று நம் குகேஷ் செஸ் உலக சாம்பியனானார். வயது 18. அந்தக் காணொளியைப் பையனோடு உட்கார்ந்து பாருங்கள். அழுதுகொண்டே காய்களை எடுத்து, அதனதன் கட்டத்தில் திரும்ப வைக்கிறார். அவருடைய அப்பா, மகனோடு போட்டிகளுக்குப் போவதற்காகத் தன் மருத்துவத் தொழிலையே நிறுத்தி வைத்தவர். உங்களை நான் அவ்வளவெல்லாம் கேட்கவில்லை.

கோபமே வரக்கூடாது என்றும் சொல்லவில்லை. 2025 ஜூனில் நார்வேயில் குகேஷிடம் தோற்ற முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சன் மேசையில் ஓங்கிக் குத்தினார். காய்கள் சிதறின. ஆனால் அங்கேயே மன்னிப்புக் கேட்டார், போகும்போது குகேஷின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நீங்களும் கேளுங்கள், உங்கள் பையனிடம். "அப்பா அப்படித் திட்டியது தப்புடா" என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். வாய் கூசும். பரவாயில்லை, சொல்லுங்கள்.

அப்புறம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு ஒரு செஸ் பலகையைத் தரையில் விரியுங்கள். வெள்ளைக் காய்களை அவனுக்குக் கொடுங்கள்.