அம்புக்குறி இல்லாமல் வழி தெரியுமா?

கேள்வி: ஸ்கைரிம் விளையாட்டில் நூறு மணி நேரத்துக்கு மேல் செலவழித்திருக்கிறேன். ஆனாலும் இலக்கைக் காட்டும் அம்புக்குறியை அணைத்துவிட்டால் ஒரு குகைக்குக்கூட எனக்கு வழி தெரிவதில்லை. குறை என்னிடமா, வடிவமைப்பிலா? எங்கள் கடற்கரையை வைத்து நண்பர்களோடு சிறிய திறந்த உலக விளையாட்டு (விரும்பிய பக்கமெல்லாம் சுற்றித் திரியக்கூடியது) ஒன்றை உருவாக்க நினைப்பதால் கேட்கிறேன்.
- வாசகர், மண்டபம்

பதில்: உங்களிடம் குறையில்லை. அம்புக்குறி வந்துவிட்டால் பாத்திரங்கள் பேச வேண்டிய வசனமே மாறிவிடுகிறது. ஸ்கைரிமை உருவாக்கிய பெதஸ்டா நிறுவனமே 2002இல் வெளியிட்ட மாரோவிண்ட் விளையாட்டில், பணி கொடுப்பவர் எந்தச் சாலையில் போய் எந்தப் பாலத்தருகே திரும்ப வேண்டும் என்று வாயால் சொல்வார். அது நாட்குறிப்பில் பதிவாகும். அப்படிச் சொல்லி அனுப்ப வேண்டியிருந்ததால் பாறையும் பாலமும் அடையாளம் கண்டுகொள்ளும்படி அமைந்தாக வேண்டும். அதே வரிசையில் 2006இல் வந்த ஆப்ளிவியனில் திசைகாட்டி இலக்கைக் காட்டத் தொடங்கியது; வசனம் முழுவதும் குரலில் பதிவானதால் பேச்சும் சுருங்கியது. 2011இல் வந்த ஸ்கைரிம் அந்த வழியிலேயே நடந்தது. அதனால் நீங்கள் குறியை அணைக்கும்போது, அதன் இடத்தில் நின்று வழி சொல்ல ஆளில்லை. மாரோவிண்டில் சிலர் சொன்ன வழி தவறாகவும் இருந்தது உண்மைதான். என்றாலும் அப்படி அலைந்து திரிந்த குன்றுகள்தாம் எனக்கு இன்றும் நினைவில் நிற்கின்றன.

2017இல் வெளியான நிண்டெண்டோவின் பிரெத் ஆஃப் த வைல்டு விளையாட்டு இந்தச் சிக்கலை நிலத்தைக் கொண்டே தீர்த்தது. குன்றுகளை முக்கோண வடிவில் அமைத்து, பின்னால் இருப்பதை மறைத்து, ஏறிப் போவதா சுற்றிப் போவதா என்பதை நடப்பவரிடமே விட்டதாக அதை உருவாக்கியவர்கள் விளக்கினார்கள். கோபுரத்தில் ஏறினால் நிலப்படம் மட்டுமே கிடைக்கும்; போக வேண்டிய இடத்தைக் கண்ணால் பார்த்து நாமே குறித்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் கரையில் குன்றுகள் அரிது என்பதால் அந்த உத்தியை அப்படியே எடுத்துவர முடியாது. மறைப்பதற்குச் சீமைக்கருவேலங்காடு இருக்கிறது. தொலைவிலிருந்து கண்ணை இழுக்க இராமேசுவரம் கோபுரமும், கலங்கரை விளக்கமும், பாம்பன் பாலமும், 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயமும் இருக்கின்றன. இராமேசுவரம் தீவை மேலிருந்து நாலாபுறமும் பார்ப்பதற்கு இராமர் பாதம் இருக்கும் மேடு போதும். கடலில் மீனவர்கள் கரையில் அருகே ஒன்றும் தொலைவில் ஒன்றுமாக இரண்டு பொருள்களை நேர்க்கோட்டில் வைத்துப் பார்த்து, வேறு திசையிலும் அப்படி இன்னொரு சோடியைப் பார்த்துத் தாம் இருக்கும் இடத்தை அறிவார்கள். இதையே விளையாட்டின் முதல் பாடமாக வைக்கலாம். இதைவிட நல்ல திசைகாட்டி எனக்குத் தோன்றவில்லை. "ஆண்கடல் பக்கமாகவே போ, பெண்கடல் பக்கம் திரும்பாதே" என்று ஒரு பாத்திரம் சொன்னால் (அலை மிகுந்த மன்னார் வளைகுடா ஆண்கடல், அமைதியான பாக் நீரிணை பெண்கடல்), அலையின் இரைச்சலைக் கேட்டே விளையாடுபவர் பக்கம் பிரித்துக்கொள்வார்.

நிலப்பரப்பைச் சிறிதாகவே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வசனத்தை மட்டும் எழுதி, அந்தப் பக்கமே வராத நண்பர் ஒருவரிடம் கொடுத்து, கைப்பேசி இல்லாமல் பாம்பனிலிருந்து நடக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்கி நிற்கிறாரோ அங்கே ஒரு பனைமரத்தையோ இன்னொரு வரியையோ சேருங்கள்.